மலைக்கு அந்தப் பக்கம்

(முன்னாள் மாணவர், இளங்கலை வரலாறு, 1983–86)

ஆண்டு மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்போடு கேட்டனர். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்பது போன்ற ஒரு கட்டுரையை அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அதை எழுத என்னைவிடத் தகுதியுடையோர் பலர் உள்ளனர். நான் இக்கல்லூரியில் பயின்ற நாள்களில் என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். அன்று உடன் படித்த நண்பர்களிடம்கூட அதை நான் சொன்னதில்லை. நோயாளி ஒருவரை வீட்டில் விட்டுவிட்டு முதல் மணி வகுப்புக்கு ஓடி வருகிற மாணவரோ மாணவியோ இன்றும் இங்கு இருப்பார்கள். அவர்கள் படித்தால் போதும்.

வெளியூர் நண்பர்களுக்கு முதலில் ஒரு பூகோள விவரம் சொல்ல வேண்டும். அண்ணாமலையார் கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஊரின் பெரும்பகுதியும் மலைக்குக் கிழக்கேதான். முஸ்லிம்கள் தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவோ நமக்கு மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து இருக்கிறது. ஆகவே எங்கள் தெருவில் யார் முசல்லாவை விரித்து நின்றாலும் எதிரே மலை நிற்கும். ஏழெட்டு வயதில் எனக்கு இது பெரிய சந்தேகம். "அத்தா, எல்லாரும் மலையைக் கும்பிடறாங்க. நாமும் மலையைப் பார்த்துத்தானே தொழறோம்?" என்று கேட்டேன். அத்தா துணியில் கோடு போட்டுக்கொண்டே, "மலையைப் பார்த்து இல்லடா. மலைக்கு அந்தப் பக்கம் பார்த்து" என்றார். அதற்குமேல் விளக்கம் தரவில்லை. தையற்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். பாதி நேரம் வாயில் ஊசி இருக்கும்.

அத்தாவின் கடை தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. இரண்டு கால் மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு கரிப்பெட்டி இஸ்திரி. ஆண்டுக்கு இரண்டு சீசன்: ரமலான், தீபாவளி. தீபாவளி சீசனில்தான் காசு. லுஹருக்கும் அஸருக்கும் பாங்கு கேட்டால், கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். "பாய் தொழப் போயிருக்கார், உட்காருங்க" என்று பக்கத்துப் பூக்கடை அம்மாளே வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லுவார்.

நான் தொழவில்லை. கல்லூரிக்கு வந்த முதலாண்டிலேயே விட்டுவிட்டேன். நூலகத்தில் இரண்டு புத்தகம் படித்துவிட்டு உலகத்தையே எடை போட்டுவிட்டதாக நினைக்கும் வயது. அத்தா ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. சற்று வருத்தமாகவும் இருந்தது.

1984 அக்டோபர். தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வெட்டு மேசையில் குனிந்திருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். வலது கையில் பிடித்திருந்த சாக்பீஸ் மட்டும் விழவில்லை. விரல்கள் இறுகிப் போயிருந்தன. வலப்பக்கம் முழுவதும் வாதம். வாய் கோணிப் பேச்சுக் குழறியது. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

கடையில் வெட்டிய துணிகள் குவிந்து கிடந்தன. வெட்டாத துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெட்டிய துணியை என்ன செய்வது? முன்பணம் வேறு வாங்கிச் செலவழித்தாயிற்று. தெருவில் இருந்த மற்றத் தையற்காரர்கள், அதாவது சீசனில் அத்தாவுக்குப் போட்டியாக இருந்தவர்கள், ஆளுக்கு ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். அளவு நோட்டில் அத்தா தமக்கென்று வைத்திருந்த குறிகள் எனக்கு மட்டுமே தெரியும். நான் ஒவ்வொரு கடையாகப் போய்ப் படித்துச் சொன்னேன். காஜா எடுப்பதை அந்த வாரம்தான் ஒழுங்காகக் கற்றேன். தீபாவளிக்கு முதல் நாள் இரவு கடைசிச் சட்டையும் போய்ச் சேர்ந்தது. கூலி என்று யாரும் ஒரு பைசா எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைய தமிழ்நாடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அக்டோபர் 5ஆம் நாள்தான் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கும் அதே மாதத்தில் பக்கவாதம் வந்தது. கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று எங்கும் பிரார்த்தனை. நவம்பர் 5இல் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மாநிலமே ஒருவருக்காகக் கையேந்தி நின்ற நேரம் அது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அத்தாவும் அவருக்காகக் குழறிக் குழறித் துஆ கேட்டவர்தான். ஆனால் இருபது வயதுக்காரன் மனத்தில் கணக்கு வேறு மாதிரி ஓடும். ஐந்து வேளையும் தவறாதவருக்கு இது ஏன்? தேரடிச் சந்துத் தையற்காரருக்காகக் கையேந்துபவர் யார்?

பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: சபூர். சபூர் செய்யுங்கள், அய்யூப் நபியைப் பாருங்கள், செல்வம் போய், பிள்ளைகள் போய், உடம்பு முழுதும் நோய் வந்தும் பொறுத்தாரே என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் டீ குடித்துவிட்டுச் சபூர் சொல்லி எழுந்து போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என்பது வாயை மூடிக்கொண்டு கிடப்பதுதான் என்றால், அதற்குக் கல்லாய்ப் பிறந்திருக்கலாமே என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அம்மா பதில் சொல்லாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அத்தா தொழ வேண்டும் என்று சைகை காட்டினார். எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு படிவரிசை உண்டு. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம். குனிய முடியாதவர் தலையை அசைத்துக் குனிவதாகக் காட்டினால் போதும். சிரம் பணிவதற்குச் சற்றுக் கூடுதலாக அசைக்க வேண்டும். உடம்பு குறையக் குறையத் தொழுகையும் தன்னைச் சுருக்கிக்கொண்டு கூடவே வரும். சட்டையைப் பிரித்து ஆளுக்கேற்பச் சின்னதாகத் தைப்பது போல என்று எனக்குப் பின்னாளில் தோன்றியது. அன்று அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு கெடுபிடி தேவையா என்றுதான் தோன்றியது.

தொழுவதற்கு முன் ஒளு செய்ய வேண்டும். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கைகள், தலை, கால்கள். அத்தாவால் முடியாது. அம்மாவுக்கு மூட்டுவலி. தம்பிகள் சிறுவர்கள். ஆகவே தொழாதவனாகிய நான் நாளொன்றுக்கு ஐந்து முறை என் தந்தைக்கு ஒளு செய்து வைத்தேன். எண்ணிப் பார்த்தால் வேடிக்கைதான். விடியுமுன் ஒன்று, கல்லூரியிலிருந்து ஓடி வந்து லுஹருக்கு ஒன்று, கடையிலிருந்து வந்து அஸருக்கு ஒன்று, பிறகு மஃரிப், இஷா. வலது கைதான் கடினம். அது கனக்கும். அது அவருடைய கையாகவே இல்லாமல் யாரோ நம்மிடம் கொடுத்து வைத்த பொருள் போல இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்த தழும்பு. அதன்மேல் மூன்று முறை தண்ணீர் ஊற்றித் தேய்ப்பேன். முதல் சில நாள் அவசரமாகச் செய்தேன். பிறகு அவசரம் தானாகக் குறைந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில் மட்டும்தான் நாங்கள் இருவரும் அவருடைய நோயைப் பற்றி நினைக்காமல் இருந்தோம்.

அத்தாவுக்கு இன்னொரு துக்கம் இருந்தது. நாக்குக் குழறியதால் ஓத வேண்டியவை சரியாக வரவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார். நான் பள்ளிவாசல் ஹஜரத்தை அழைத்து வந்தேன். அவர் கட்டிலருகே அமர்ந்து சொன்ன செய்தி இது: சரளமாக ஓதுகிறவருக்கு ஒரு சிறப்பு, திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று நபிகள் நாயகம் அறிவித்திருக்கிறார்கள். அத்தா சற்று நேரம் யோசித்தார். பிறகு கோணிய வாயால், "தீபாவளி... சீசன்... மாதிரி" என்றார். இரவு வேலைக்கு இரட்டைக் கூலி கொடுப்பது தையற்கடை வழக்கம். ஹஜரத் உரக்கச் சிரித்துவிட்டார். நோய் வந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

வாசல்வரை அவரை வழியனுப்பப் போனேன். என் கோபத்தை அவரிடம் கொட்டினேன். அய்யூப் நபி கதையை இனி யாரும் இங்கே சொல்ல வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அய்யூப் நபி முறையிடவே இல்லைன்னு யார் சொன்னாங்க தம்பி? எனக்குத் துன்பம் வந்துவிட்டதே என்று அல்லாஹ்விடம் வாய்விட்டுச் சொன்னவர்தானே? யாகூப் நபி, மகன் யூசுபை இழந்து கண் பூத்துப் போகிற அளவுக்கு அழுதார். அழகான பொறுமை என்று குர்ஆன் பேசுவது அந்த அழுத மனிதரின் வாயிலாகத்தான். பொறுமைன்னா சொல்லாமல் இருக்கிறது இல்லை. யாரிடம் சொல்றோம் என்பதுதான் சங்கதி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் உடனே மனம் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். ஆனால் அந்தச் சொற்கள் மனத்தில் தங்கிவிட்டன. நான் அதுவரை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்? அம்மாவிடம் கத்தினேன். மிஷினை உதைத்தேன். வாடிக்கைக்காரரிடம் எரிந்து விழுந்தேன். சொல்ல வேண்டிய ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் கார்த்திகை தீபம் வந்தது. ஊர் மக்கள் வெள்ளத்தில் மிதந்தது. அன்று மாலை எதிர்வீட்டு வாத்தியார் மாமா வந்தார். ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், சைவர், நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவர். "பாய் வருஷா வருஷம் கடை வாசலில் நின்னு தீபம் பார்ப்பாரே. கட்டிலைப் பிடி தம்பி, பின்கட்டு முற்றத்தில் மலை தெரியும்படி போடுவோம்" என்றார். இருவரும் தூக்கிப் போட்டோம். மலை தெரியும்படி திருப்ப வேண்டும் என்று அவர் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். திருப்ப வேண்டியதே இல்லை. மஃரிபுக்காகக் கட்டில் ஏற்கெனவே மேற்கு நோக்கித்தான் போடப்பட்டிருந்தது. தலையணையில் தலையை உயர்த்தினால் எதிரே உச்சி. பாங்கு ஒலித்தது. நான் ஒளு செய்து வைத்தேன். அத்தா தலையசைத்துத் தொழத் தொடங்கினார். சிறிது நேரத்தில் ஊர் முழுதும் அரோகரா என்ற முழக்கம் எழுந்தது. உச்சியில் சுடர் ஏறிவிட்டது. வாத்தியார் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அத்தா தொழுது முடிக்கும்வரை சத்தமில்லாமல் ஒரு மூலையில் நின்றார். முடிந்ததும், "பாருங்க பாய்" என்றார். அத்தா நெடுநேரம் பார்த்தார். பிறகு, "காடாத் துணித் திரி... நின்னு எரியும்" என்றார். எதைப் பார்த்தாலும் துணியில்தான் வந்து நிற்பார்.

அந்த வேளையில்தான் ஒன்று நடந்தது. அத்தாவின் கால்களைத் துடைத்துவிட்டு எழுந்தவன், என் கைகளும் முழங்கைவரை நனைந்திருப்பதைப் பார்த்தேன். பாதி ஒளு ஆகிவிட்டது போலத்தான். மீதியையும் முடித்தால் என்ன? முடித்தேன். கட்டிலுக்குப் பின்னால் பாயை விரித்து நின்றேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. நிறையச் சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நோய் குணமாயிற்றா என்றால் இல்லை. மார்கழியில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. சில நாளைக்குத் தண்ணீர் படவே கூடாது என்றார் டாக்டர். அப்படிப்பட்டவர் சுத்தமான மண்ணையோ கல்லையோ தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டால் போதும், தயம்மும் என்பார்கள். தட்டையான கல் ஒன்று வேண்டும் என்று வாத்தியார் மாமாவிடம் சொன்னேன். மலையில் இல்லாத கல்லா என்று நினைத்தேன். அவர் தயங்கினார். "மலைக் கல்லை எடுக்க மாட்டேன் தம்பி. எங்களுக்கு அது சுவாமி" என்றார். இரண்டு நாள் கழித்து, வேட்டவலம் பக்கத்தில் தம் அண்ணன் நிலத்தில் கிணறு வெட்டியபோது எடுத்த ஒரு கல்லைக் கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அந்தக் கல் இன்றும் என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது.

1985 பிப்ரவரி 4ஆம் நாள் எம்.ஜி.ஆர். தாயகம் திரும்பினார். தெருவெல்லாம் மகிழ்ச்சி. அவருக்கும் பழைய பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை என்று பிறகு தெரிந்தது. பொறாமைப்பட்டவன் வெட்கப்பட்டேன்.

ஏப்ரலில் மிஹ்ராஜ் இரவு. பள்ளிவாசலில் ஹஜரத்தின் பயான். வரலாற்று மாணவனான எனக்கு அதில் ஒரு செய்தி பிடித்தது. கி.பி. 619ஆம் ஆண்டை இஸ்லாமிய வரலாற்றில் துயர ஆண்டு என்றே அழைக்கிறார்கள். நபிகள் நாயகத்தின் மனைவி கதீஜா அம்மையாரும், பாதுகாத்து நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் அந்த ஓராண்டிலேயே மறைந்தார்கள். ஆதரவு தேடித் தாயிப் நகருக்குப் போன நாயகத்தைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் விண்ணேற்றமும் ஐவேளைத் தொழுகையும் வந்தன என்றார் ஹஜரத். பேரரசர்களின் வெற்றிகளுக்கே ஆண்டுக்கணக்கு வைக்கும் வரலாற்றில், துயரத்தின் பெயரை ஓர் ஆண்டுக்குச் சூட்டி, அதை மறைக்காமல் சொல்லி வந்திருக்கிறார்களே என்று வியந்தேன். எங்கள் வீட்டுக்கு அது 1984 என்று நினைத்துக்கொண்டேன்.

ஐவேளை என்பதன் பயனும் அப்போதுதான் புரியத் தொடங்கியது. படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு நாள் என்பது கரையில்லாதது. 'இப்படி எத்தனை ஆண்டு?' என்று ஒருமுறை நினைத்துவிட்டால் மூச்சு முட்டும். அத்தா ஆண்டுகளை நினைக்கவில்லை. அஸர் ஆனால் மஃரிப் வரை பார்ப்பார். மஃரிப் ஆனால் இஷா. அவ்வளவு நேரம் யாராலும் பொறுக்க முடியும். நானும் அதே கணக்கில் விழுந்தேன். கடைக் கடன், தேர்வு, தம்பிகளின் பள்ளிச் சம்பளம், எல்லாம் அடுத்த பாங்கு வரைதான்.

அந்த ஆண்டு ரமலான் மே மாதக் கத்திரி வெயிலில் தொடங்கியது. அத்தாவால் நோன்பு வைக்க இயலாது. தீராத நோயாளி, விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்கு இருவேளை உணவளிக்க வேண்டும். வசதியில்லாதவர் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாலே போதும், உங்கள் நிலைமைக்கு அதுவே சரி என்று ஹஜரத் சலுகை சொன்னார். அத்தா தலையைப் பலமாக ஆட்டினார். மாதம் முழுதும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கைம்பெண் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் எடுத்த காஜாக்களில் பாதி அதற்கே போயிற்று. இப்போது யோசித்தால், கொடுக்கிறவராக அத்தா அந்த ஆண்டில் இருந்தது அந்த ஒரு மாதம்தான். மற்ற மாதங்களெல்லாம் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் வந்து உண்ணும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழ்த் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு எப்படியோ என் நிலை தெரிந்திருந்தது. வருகைக் குறைவைப் பற்றிக் கேட்காமல், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல் தொகுதியை நூலகத்திலிருந்து தம் பெயரில் எடுத்துக் கொடுத்தார். 1838இல் மறைந்த ஞானி. தொண்டிக்கு அருகே பிறந்து, செல்வத்தை உதறிவிட்டுச் சென்னை இராயபுரத்துப் பக்கம் வந்து வாழ்ந்தவர். இரவில் அத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவரே ஒழிய அவர் நூல் படித்தவர் அல்லர். ஆனால் நான் ஓர் அடி படித்தால் அடுத்த அடி அவரிடமிருந்து வந்தது. சிறுவயதில் தாயிரா கொட்டிக்கொண்டு வந்த பக்கீர்கள் பாடக் கேட்டதாம். குர்ஆன் வசனங்களுக்கு வளையாத நாக்கு, அந்தத் தமிழ்ப் பாட்டுக்கு எப்படியோ வளைந்தது. புத்தகத்தைக் குறித்த நாளில் திருப்பவில்லை. அபராதத்தைப் பேராசிரியர்தான் கட்டினார்.

நான் பட்டம் பெற்ற 1986ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அத்தாவுக்கு இரண்டாம் முறை வாதம் வந்தது. மூன்று நாள் நினைவில்லை. நினைவு தப்பிய அந்த வேளைகளுக்குக் கணக்குக் கேட்கப்படாது என்றார் ஹஜரத். அந்த மூன்று நாளும் பாங்கு ஒலித்தால் நான் என்னையறியாமல் எழுந்து குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய் நிற்பேன். பிறகு நினைவு வந்து, அந்தத் தண்ணீரில் என் ஒளுவை முடித்துக்கொண்டு தொழுவேன். நான்காம் நாள் அஸருக்குப் பின் அடங்கிவிட்டார்.

மய்யித்தைக் குளிப்பாட்டும்போது முதலில் ஒளு செய்விக்க வேண்டும். ஹஜரத் அருகில் நின்று, எனக்குத் தெரியாதென்று எண்ணி, முறையைச் சொல்லத் தொடங்கினார். முகம் முடிந்தது. அடுத்து அவர் வாய் திறக்குமுன் நான் வலது கையை எடுத்துவிட்டேன். இரண்டாண்டாகக் கனத்த கைதான். தழும்பு அப்படியே இருந்தது. மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். ஹஜரத் பேச்சை நிறுத்திவிட்டு, குவளை காலியாகக் காலியாகத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.